சுவாமியார் சாப்பிடாத கோடை

ஒரு சுவாமியார் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை என்பதற்காக எங்கள் குடும்பம் முழுவதும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்த கோடைகாலம் ஒன்று உண்டு. அவர் எங்களுக்குச் சொந்தக்காரரும் அல்லர், எங்கள் பங்குச் சுவாமியாரும் அல்லர். ஆனாலும் செபமாலை சொல்லி முடிந்ததும், அந்த மனிதர் ஒரு வாய் சாப்பிடவேண்டும் என்று அம்மா தனியாக ஒரு மன்றாட்டைச் சேர்த்துக்கொள்வார். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று நான் ராகம் இழுப்பேன். அடுத்த மன்றாட்டு என் தம்பிக்காக இருக்கும். இரண்டும் ஒரே மன்றாட்டுத்தான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு எட்டு வயது இருக்கலாம். இத்தாலியில், சிசிலியின் அல்பெர்கேரியா என்ற பகுதியில் ஓர் ஒடுங்கிய சந்துக்குள் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். யன்னலைத் திறந்தால் பல்லரோச் சந்தையின் கூச்சலும் மீன் மணமும் ஒன்றாக உள்ளே வரும். அப்பா பகேரியாவில் ஒரு பெரிய வில்லாவின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கியிருந்தார். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் ரயில் பிடித்து வருவார். முன்னறையில் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, படுத்துக்கொள்வார். ஒரு உணவகத்தில் அவருக்குக் கோப்பை கழுவும் வேலை. உலகத்தில் எதைப்பற்றிக் கேட்டாலும் விளக்கம் சொல்வது அவருடைய மற்ற வேலை. என் தம்பி மட்டும் மன்னாரில் பெரியம்மாவிடம் இருந்தான். அம்மாவுக்கு ஒழுங்கான வேலை இருக்கவேண்டும், வேலை இருந்தால்தான் பெர்மெசோ என்கிற இந்நாட்டு அனுமதியைப் புதுப்பிப்பார்கள், அது இருந்தால்தான் தம்பியைக் கூப்பிடலாம். வீட்டில் வேறு பேச்சே இல்லாததால் இந்தச் சங்கிலி எனக்கு வாய்ப்பாட்டைவிட நன்றாகப் பாடமாகியிருந்தது.

அந்தச் சித்திரையில்தான் அம்மாவுக்கு அப்படியொரு வேலை அகப்பட்டது. வீட்டுக்கார அம்மாவைச் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவோம். கணவரை இழந்தவர், துணிக்கடை வைத்திருந்தார். அகலமான தெருவில், லிஃப்ட் உள்ள கட்டடத்தில் வீடு. அவருடைய அண்ணன்தான் சுவாமியார். இளவயதில் மறைபரப்பப் பசிபிக் கடலில் ஒரு சின்னத் தீவுக்குப் போனவர், கிழவராகும்வரை திரும்பவேயில்லை. பிறகு ஞாபகம் தவறத் தொடங்கியதும் சபையார் அவரை ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். பகலில் அவரைக் கவனிப்பதும் சமைப்பதும் வீட்டைத் துடைப்பதும் அம்மாவின் பொறுப்பு. அந்தத் தீவு எங்கே இருக்கிறது என்று பார்க்க மாமா ஒரு உலகப்படம் கொண்டுவந்தார். நீலமாய்க் கிடந்த இடத்தில் ஈ இருந்துவிட்டுப் போனதுபோல ஒரு புள்ளி தெரிந்தது. அதுதான் தீவா, உண்மையிலேயே ஈ இருந்ததா என்பதில் அப்பாவுக்குச் சந்தேகம் இருந்தது.

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியதும் என்னை விட்டுவிட்டுப் போக இடமில்லாமல் அம்மா என்னையும் கூட்டிப்போனார். போகும் வழியெல்லாம் சட்டதிட்டம். "அங்கை ஒண்டையும் தொடக்கூடாது. ஆரும் எதையும் தந்தால் வேண்டாம் எண்டு தலையாட்டவேணும். பசிக்குது எண்டு மூஞ்சையிலை காட்டவும் கூடாது, விளங்குதே?" எனக்கு ஒரு துண்டுப் பாண் அம்மாவின் பையில் இருக்கும். அதைக் குசினி மூலையில் நின்று சத்தம் வராமல் சாப்பிடவேண்டும்.

முதல்நாளே நான் திகைத்துப்போனேன். வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், மாமா வீட்டில் கட்டுவதுபோலவே, பூப்போட்ட சாரம் கட்டிக்கொண்டு நிலத்தில் பாய் போட்டுச் சப்பாணி கட்டி இருந்தார். அயலவர்கள் பார்த்துவிடுவார்களே என்று சிஞ்ஞோரா யன்னல் கதவுகளைச் சாத்தியே வைத்திருந்தார். நான் ஒரு முக்காலியில் இருந்தேன். சுவாமியார் எழுந்து என்னைக் கடந்து போனபோது முதுகை நன்றாக வளைத்து, ஏதோ ஒரு சொல்லை முணுமுணுத்தபடி போனார். முதுகு நோவாக்கும் என்று நினைத்தேன். திரும்பி வரும்போதும் அப்படியே வளைந்து வந்தார். உட்கார்ந்து இருப்பவர்களைக் கடந்து போகும்போது நிமிர்ந்து நடப்பது அந்தத் தீவில் மரியாதைக் குறைவாம். அதைப் பிறகுதான் அறிந்தோம். என் வாழ்நாளில் எனக்காக முதுகு வளைத்த முதல் மனிதர் அவர்தான்.

மத்தியானம் வேலை இல்லாத பொழுதில் அவர் எனக்குத் தீவைக் காட்டுவார். இத்தாலியன் பாதி, தீவுப் பேச்சு பாதி, கைச்சாடை மீதி. வீடுகளுக்குச் சுவர் கிடையாது, தூண்களும் கூரையும்தான். மழை வந்தால் பாயை அவிழ்த்துத் தொங்கவிடுவார்கள். கோயில் மணி என்பது வெறும் காஸ் சிலிண்டர், அதை இரும்பால் அடிப்பார்கள். வள்ளங்கள் வந்ததும் மீன் முழுவதையும் கரையில் பரப்பி வீட்டுக்கு வீடு பங்கு வைப்பார்கள். கடலுக்குப் போக ஆளில்லாத வீட்டுக்கும், நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் பங்கு உண்டு. பொருளைப் புகழ்ந்தால் அது உங்களுக்கு என்பது இன்னொரு சட்டம். அது தெரியாமல் அவருடைய சோகி மாலையைப் பார்த்து "பெல்லா", அழகு என்று சொல்லிவிட்டேன். அடுத்த நிமிடம் அது என் கழுத்தில் இருந்தது. அம்மா பதறிப்போய்க் கழற்றித் திருப்பிக் கொடுத்தார். சுவாமியார் முகம் வாடிப்போனது. அதன்பிறகு அந்த வீட்டில் எந்தப் பொருளையும் நான் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டிருக்கும் மனிதர் சாப்பாட்டு நேரம் வந்ததும் மாறிப்போவார். சிஞ்ஞோராவின் கட்டளைப்படி அம்மா வெள்ளைத் துணி விரித்த மேசையில் சூப்பையோ மசித்த மரக்கறியையோ வைப்பார். சுவாமியார் தட்டைத் தூக்கிக்கொண்டு பாய்க்கு இறங்கிவிடுவார். சிலுவை அடையாளம் போட்டு, நீளமாக ஒரு செபம் சொல்லி, பிறகு இரண்டு கையாலும் தட்டை எடுத்து அப்படியே அம்மாவிடம் நீட்டுவார். எனக்கு வேண்டாம், கொண்டுபோ என்பதுதான் அதன் பொருள் என்று அம்மா எடுத்துக்கொண்டார். வேறு என்ன பொருள் இருக்கமுடியும்? தட்டை வாங்கிக்கொண்டு குசினிக்குப் போய், சிஞ்ஞோரா வந்து பார்ப்பதற்காக இன்னொரு தட்டால் மூடிவைப்பார். சுவாமியார் கையைக் கட்டிக்கொண்டு குசினி வாசலையே பார்த்தபடி நெடுநேரம் இருப்பார். செபம் செய்கிறார் என்று அம்மா எனக்கு விரலைக் காட்டி வாயை மூடச் சொல்வார். சாப்பாட்டை வெறுத்த மனிதர் ஏன் குசினியைப் பார்க்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சிஞ்ஞோரா கெட்டவர் அல்லர். ஆனால் கடைக்காரர், கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். இரவில் நாங்கள் புறப்பட்டுப் போனபிறகு அண்ணன் பாலில் பாணைத் தோய்த்து ஏதோ கொஞ்சம் சாப்பிடுகிறார். அம்மாவுக்கு விடுமுறையான வியாழன் பின்னேரமும் ஞாயிறு முழுவதும் நன்றாகவே சாப்பிடுகிறார். அம்மா வேலைக்கு வருமுன் ஒரு குறையும் இருக்கவில்லை. அப்படியானால் விடை என்ன? சிஞ்ஞோரா அதை அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, மேசையில் இருந்த பூச்சாடியைப் பார்த்துச் சொன்னார். வருகிற சனிக்கிழமை வைத்தியர் வருவார், அதற்குள் நிலைமை திருந்தாவிட்டால் ஊருக்கு வெளியே கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் ஒரு கட்டில் சொல்லிவைத்திருக்கிறது என்றார். அண்ணன் அங்கே போய்விட்டால் இந்த வீட்டில் அம்மாவுக்கு வேலை இல்லை. அம்மா "ஸீ, சிஞ்ஞோரா" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே துடைத்த மேசையை மறுபடியும் துடைத்தார்.

வியாழக்கிழமை வீட்டில் மாநாடு கூடியது. அப்பா குறைவாகப் பேசுபவர். "உப்பைக் குறை" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றப் போய்விட்டார். மாமா அப்படி விடுகிற ஆள் இல்லை. முதலில் நாவூறு என்றார். சாப்பிடுகிற மனிதரின் வாயைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இறங்கும்? பழி என் தலையில் விழுந்தது. இத்தனைக்கும் அந்த வாரம் முழுவதும் நான் மத்தியானத்தில் சுவரைப் பார்த்தபடிதான் இருந்தேன், அம்மாவுக்கும் அதே யோசனை முன்பே வந்திருந்தது. பிறகு மாமா, யாரோ ஒரு ஆத்துமத்துக்காக ஒறுத்தல் இருக்கிறார் என்றார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த ஆத்துமத்துக்கு விடுமுறையா என்று அம்மா கேட்டார். மாமா திடீரென்று எழுந்து நின்றார்.

"அக்கா, அவர் தீவு ஆள். எங்களைப்போலை. தேங்காய்ப்பால் இல்லாமல் அவருக்கு எப்பிடி இறங்கும்? நாளைக்கு வெள்ளிக்கிழமை, மீன்தானே. ஒரு சொதி வையுங்கோ, பாருங்கோ கூத்தை."

"சிஞ்ஞோரா பாத்தா எண்டால் நாளைக்கே என்னை நிப்பாட்டிப்போடுவா."

"நிப்பாட்டாமல் விட்டால் மட்டும் என்னக்கா? சனிக்கிழமை எப்பிடியும் நிப்பாட்டத்தானே போறா."

இது எங்கள் வீட்டில் மாமா சொன்ன முதல் நியாயமான பேச்சு.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அம்மா தேங்காயைத் துருவி, பாலைப் பிழிந்து தண்ணீர்ப் போத்தலில் அடைத்தார். பல்லரோவில் தமிழ்க்கடையில் வாங்கிய தேங்காய் அது. கடைக்காரர் காதருகே ஆட்டிக் காட்டி, உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று சத்தியம் செய்து கொடுத்தது. போகிற வழியில் வெள்ளைச் சதை மீன் கொஞ்சம் வாங்கினோம். வெயில் ஏறமுன் போய்ச் சேர்ந்துவிடவேண்டும், இல்லாவிட்டால் பால் திரைந்துபோகும் என்று அம்மா ஓட்டமும் நடையுமாகப் போனார். நான் போத்தலைக் குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

சிஞ்ஞோரா கடைக்குப் போய்விட்டார். அம்மா வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள் எல்லாம் போட்டு மீனை அவித்து, கடைசியில் முதற்பாலை விட்டு, கொதிக்கவிடாமல் இறக்கித் தேசிக்காய் பிழிந்தார். பளிங்குத் தரையும் பெரிய கண்ணாடிகளும் உள்ள அந்த வீடு முழுவதும் சொதி மணந்தது. சுவாமியார் மூக்கை நிமிர்த்தினார். அவர் வாயில் இருந்து தீவுப் பேச்சில் மளமளவென்று ஏதோ வந்தது. அம்மா என்னைப் பார்த்தார். மாமா சொன்னது பலித்துவிட்டது என்று எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது சந்தேகமே இல்லை. மேசையை விட்டுவிட்டு நேரே பாயிலேயே தட்டை வைத்தார் அம்மா. சோறு, சொதி, மேலே இரண்டு துண்டு மீன்.

சுவாமியார் சிலுவை போட்டார். செபம் சொன்னார். வழக்கத்தைவிட நீளமாகச் சொன்னார். பிறகு இரண்டு கையாலும் தட்டைத் தூக்கி அம்மாவிடம் நீட்டினார்.

அம்மாவின் முகத்தை நான் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்பதுபோல வெறுமையாக நின்றார். தட்டை வாங்கக் கை நீட்டவும் அவருக்கு மனம் வரவில்லை. சுவாமியார் தட்டைத் தாழ்த்தி, பாயின் ஓரத்தில் இருந்த என் பக்கம் நீட்டினார். சொதியின் ஆவி என் முகத்தில் அடித்தது.

தம்பியை நினைத்தோ அம்மாவின் வேலையை நினைத்தோ நான் எதையும் செய்யவில்லை. சொதி எனக்கு உயிர், அவ்வளவுதான். கை தானாகப் போய் ஒரு துண்டு மீனை எடுத்து வாயில் போட்டுவிட்டது.

"எடியே!" என்று அம்மா ஒரே எட்டில் வந்து என் கையைப் பிடித்தார். சுவாமியார் உள்ளங்கையைக் காட்டி அம்மாவைத் தடுத்தார். முகம் முழுவதும் சிரிப்பு. தட்டை எனக்கு முன்னால் வைத்துவிட்டு அங்குமிங்கும் எதையோ தேடினார். தீவில் இருந்து கொண்டுவந்த ஓலை விசிறியைச் சிஞ்ஞோரா கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். அதை எட்டமுடியாமல், கதிரையில் கிடந்த பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு வந்து எனக்கு அருகில் இருந்து தட்டுக்கு மேலே விசிறத் தொடங்கினார். அந்த வீட்டில் ஒரு ஈ கூடக் கிடையாது. என்றாலும் வெகு கவனமாக விசிறினார். நான் அம்மாவைப் பார்க்காமல் இருந்தால் அடி விழாது என்ற நம்பிக்கையில், தலையைக் குனிந்தபடி குழைத்துக் குழைத்துச் சாப்பிட்டேன்.

அப்போதுதான் வாசலில் திறப்புத் திரும்பும் சத்தம் கேட்டது. மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுச் சிஞ்ஞோரா வந்துவிட்டார்.

அவர் கண்ட காட்சியை நான் பலமுறை அவர் இடத்தில் இருந்து யோசித்துப் பார்த்திருக்கிறேன். வேலைக்காரியின் பிள்ளை அண்ணனின் பாயில் அமர்ந்து அண்ணனின் தட்டில் கையால் குழைத்துச் சாப்பிடுகிறது. பட்டினி கிடக்கும் அண்ணன், குருவானவர், பக்கத்தில் இருந்து அந்தப் பிள்ளைக்கு விசிறுகிறார். வீடு முழுவதும் என்னவென்று தெரியாத மணம். சிஞ்ஞோரா "மதோன்னா மீயா" என்றார். கைப்பை நிலத்தில் விழுந்தது. அம்மா மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். எந்தக் குற்றத்துக்கு முதலில் கேட்பது என்று தெரியாமல் இத்தாலியனும் தமிழும் கலந்து ஏதேதோ வந்தது.

சுவாமியார் தங்கையை நிமிர்ந்து பார்த்தார். பல வாரமாக ஒழுங்காக ஒரு வசனம் பேசாத மனிதர், வெகு தெளிவான சிசிலிப் பேச்சில் சொன்னார்:

"விருந்தாளி இன்னும் சாப்பிடவில்லை."

"சாப்பிடுகிறாளே!" என்று சிஞ்ஞோரா என்னைக் காட்டினார்.

சுவாமியார் இல்லை என்று தலையை ஆட்டினார். குசினியில் இருந்து பானைகளைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, சோறும் சொதியும் இன்னொரு தட்டில் போட்டு, அம்மாவின் முன்னால் பாயில் வைத்து, பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தார். அம்மா சிஞ்ஞோராவைப் பார்த்தார். சிஞ்ஞோரா அண்ணனைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் மேலே எறிந்து, "மாஞ்ஜா! கடவுளே என்று சாப்பிடு!" என்று கத்தினார்.

அம்மா பாயின் விளிம்பில் இருந்தார். முதல் வாயைக் கூச்சத்தோடு எடுத்தார். இரண்டாவது வாயும் அப்படித்தான். பிறகு தலையை நிமிர்த்தாமல், வேகமாக, பெரிய பெரிய கவளமாக எடுத்து, தட்டை வழித்துச் சாப்பிட்டார். என் பக்கத்தில் இருந்த அந்த ஆளை எனக்கே அடையாளம் தெரியவில்லை. வேலையைக் காப்பாற்றுவதற்காக அம்மா எவ்வளவு அருமையாக நடிக்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. சுவாமியார் கடைசிவரை விசிறினார்.

அம்மா கையை எடுத்ததும் சுவாமியார் பேப்பரைக் கீழே வைத்தார். பானைகளை இழுத்துச் சரித்து, அடியில் இருந்த சோற்றையும் சொதியையும் தட்டில் போட்டு, ஐந்து விரலாலும் குழைத்து, எங்களைப்போலவே சாப்பிட்டார். நிறுத்தாமல் சாப்பிட்டார். நடுவில் தங்கையின் பாவாடையைப் பிடித்து இழுத்து, பெரியவர்கள் உட்கார்ந்து இருக்கும்போது நிற்கக்கூடாது என்று சாடை காட்டினார். இறுக்கமான பாவாடையோடு நிலத்தில் இருக்கமுடியாமல் சிஞ்ஞோரா என் முக்காலியில் இருந்தார். அண்ணன் ஒரு துண்டு மீனை முள் எடுத்து அவர் வாயில் கொடுத்தார். அதை மென்றுகொண்டே சிஞ்ஞோரா அழத் தொடங்கினார். மிளகாயும் காரணமாக இருக்கலாம்.

மறுநாள் வைத்தியர் வந்தார். நோயாளியைச் சோதிக்க வந்தவரையும் சுவாமியார் விடவில்லை, அவரும் வெளியில் இருந்து வந்தவர்தானே. கழுத்துப்பட்டியோடு பாயில் இருத்தி, சொதியும் சோறும் வைத்து, வியர்த்து வழிந்த முகத்துக்கு நேரே பேப்பரால் விசிறினார். வைத்தியர் சாப்பிட்டு முடித்தபிறகு சுவாமியார் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். கட்டில் வேறு யாருக்காவது போகட்டும் என்று வைத்தியர் தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னார். அன்றைக்கு அம்மா வீட்டுக்கு வரும் வழியில் கோயிலுக்குள் நுழைந்து மெழுகுதிரி கொளுத்தினார். பிறகு எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். அப்படி ஒரு நாள் அதற்குமுன் வந்ததே இல்லை.

சில கிழமைக்குப் பிறகு, அந்தத் தீவுப் பக்கம் முன்பு தாதியாக இருந்த ஒரு வயதான கன்னியாஸ்திரி சுவாமியாரைப் பார்க்க வந்தார். கதையைக் கேட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அங்கே வெளியாள் வந்தால் முதலில் அவர்தான் சாப்பிடவேண்டும். வீட்டுக்காரர்கள் சுற்றியிருந்து ஈ ஓட்டுவார்கள். விருந்தாளி சாப்பிட்டு எழும்பியபிறகு மிச்சத்தைத்தான் வீட்டில் உள்ளவர்கள் சாப்பிடுவார்கள். விருந்தாளி தொடாவிட்டால் வீட்டில் ஒருவரும் தொடமாட்டார்கள். அம்மாவைப் பார்த்து, நீ தட்டை வாங்கிக்கொண்டு குசினிக்குப் போனபோது நீ அங்கே இருந்து சாப்பிடுகிறாய் என்று நினைத்திருப்பார், மிச்சம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு இருந்திருப்பார் என்றார். அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். மரியாதை குறையாமல் நடக்கவேண்டும் என்று அம்மா எவ்வளவுக்கு எவ்வளவு ஒதுங்கி நின்றாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு அந்த மனிதர் காய்ந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு ஒரு பதவி கிடைத்தது. விடுமுறை முடியும்வரை நாள்தோறும் முதலில் நான் சாப்பிடவேண்டும், பிறகு அம்மா, பிறகு சுவாமியார். யன்னல் கதவுகள் திறந்தன. ஓலை விசிறி கண்ணாடிக்குள் இருந்து இறங்கி வந்தது. எல்லாம் சொதியால் வந்த வெற்றி என்று மாமா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சூப்பாக இருந்திருந்தாலும் பிள்ளை கை வைத்திருந்தால் போதும் என்று விளக்கினால் அவருக்குக் கோபம் வரும். அடுத்த ஆண்டு தம்பி வந்தான். விமான நிலையத்தில் அம்மாவை யாரென்று தெரியாமல் பெரியம்மாவைக் கேட்டு அழுதான். சுவாமியாரின் பாயில் மட்டும் அழாமல் இருந்து சாப்பிட்டான். இன்னும் ஒரு சில வருடங்கள் சுவாமியார் இருந்தார், யாராவது சாப்பிட்டபிறகு நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

நான் வளர்ந்து, பல்கலைக்கழக விடுமுறை ஒன்றில், ஒரு வயதான பெண்ணைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனேன். முதல்நாள் மத்தியானம் அவருக்குச் சாப்பாடு கொடுத்து, தட்டைக் கழுவிவிட்டுக் குசினியில் நின்றேன். அடுப்பில் பாஸ்தா நிறைய மிச்சம் இருந்தது. வீட்டுக்காரர் நல்லவர், வேண்டியதை இவள் எடுத்துக்கொள்வாள் என்று நினைத்திருப்பார். எனக்கோ, சொல்லாமல் கை போகவில்லை. பசியில் கண் இருட்ட இருட்ட மாலைவரை அந்தப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன்.

"அம்மா, அந்தச் சிஞ்ஞோரா வீட்டிலை தொடக்கத்திலை மத்தியானத்திலை என்ன சாப்பிடுறனீங்கள்?"

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "ஆரும் சாப்பிடச் சொல்லேல்லைப் பிள்ளை. சொல்லாமல் அடுத்தவையின்ரை குசினியிலை எப்பிடி எடுக்கிறது?"

"அந்தச் சொதி வைச்ச நாள் வரைக்குமே?"

"ஓம்" என்றார். பெரிய விஷயம் ஒன்றுமில்லை என்பதுபோல வெங்காயத்தைத் திரும்ப எடுத்தார்.

காலையில் இருந்து இரவுவரை ஒருத்தி ஒன்றும் சாப்பிடாமல் அந்த வீட்டில் நிற்கிறாள் என்பது கணக்குத் தெரிந்த சிஞ்ஞோராவுக்குத் தெரியவில்லை. பக்கத்திலேயே பாணைக் கடித்துக்கொண்டிருந்த எனக்கும் தெரியவில்லை. ஞாபகம் தவறியவர் என்று வைத்தியரே சொன்ன ஒருவர்தான் அதைக் கண்டுகொண்டு நாள்தோறும் தட்டை நீட்டியிருக்கிறார். அன்றைக்கு அந்தப் பாயில் அம்மா நடிக்கவில்லை. அம்மாவுக்குப் பசித்தது.